தலைக்கு ஐம்பது ஏக்கர்

சர்வதாரி வருடம், ஐப்பசி 9

இந்தத் தாள்கள் கப்பலில் ஒரு மாலுமி கொடுத்தவை. ஒரு பக்கம் அவனுடைய கிறுக்கல், மறு பக்கம் எனக்கு. எழுதுவதற்கு ஒரே காரணம்தான்: எனக்கு வருகிற கோபத்தைக் கொட்ட இங்கே ஆளில்லை. எனக்குத் தெரிந்து இந்த நாட்டில் தமிழ் பேசும் இன்னொருவர் என் கணவர். அவரிடம் சொன்னால், "சரி, வுடு மதலே" என்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே அவரைப் பற்றியும் தாராளமாக எழுதலாம்.

நான் மதலேனாள். நாகப்பட்டினத்துக் கோயில் உபதேசியார் மகள். எழுத்து மட்டும்தான் அப்பா எனக்குக் கொடுத்த சீதனம். கணவர் கஸ்பார், கப்பல் தச்சர். வியய வருடத்துப் பஞ்சத்தில் தெருவெல்லாம் பிணம் கிடந்தபோது, ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன் தச்சன் வேண்டுமென்று ஆள் தேடினான். சோறு கிடைக்குமென்று ஏறினோம். அவன் எங்களை லண்டனில் தார்ன்பரித் துரையிடம் கைமாற்றிவிட்டான். துரை அமெரிக்கா என்னும் புது நாட்டில், ஓர் ஆற்றங்கரையில், குடியேற்றம் போடுகிறான். ஏழு வருடம் உழைத்தால் விடுதலை, பிறகு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் என்று கஸ்பாரிடம் சொன்னார்கள். அவர் நம்பினார். நம்புவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வாயால் துரை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. தாளில் அவன் எனக்கு "அவன்"தான்.

போன மாதம் வந்து இறங்கினோம். நானும் கஸ்பாரும். அவ்வளவுதான்.

ஐப்பசி 21

விடியலிலிருந்து சோளம் இடித்தேன். மக்காச்சோளம், கல்லுப்போல. உரல் இவர்களுக்கும் உண்டு, ஒரு மரத்தடியைக் குடைந்தது. என்னோடு உலக்கை போடுகிறவள் ஜோன். லண்டனில் ஒரு ரொட்டியைத் திருடினாளாம், இங்கே அனுப்பிவிட்டார்கள். பல்லில்லாத வாய், ஆனால் பேச்சுக்குக் குறைவில்லை. எனக்கு ஆங்கிலம் வந்தது கப்பல் சமையல்கட்டில் பாதி, மீதி அவளிடம்.

இந்த மண்ணின் சொந்தக்காரர்களை இவர்கள் இந்தியர் என்கிறார்கள். என்னையும் இந்தியாள் என்கிறார்கள். "ரெண்டும் ஒண்ணா?" என்று ஜோனிடம் கேட்டேன்.

"எங்களவிட கறுப்பா இருந்தா எல்லாம் ஒண்ணுதான்" என்றாள். "என்னையும் சேத்துக்கோ. நானும் நாளெல்லாம் வெயில்லதான் நிக்கிறேன்."

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கார்த்திகை 14

சோளம் தீரப்போகிறது. துரை கோடை முழுவதும் ஆட்களை வைத்துப் புகையிலை நட்டிருக்கிறான். ஒரு பாத்தி கூடத் தின்பதற்கு இல்லை. புகையிலையைக் கப்பலில் ஏற்றினால் லண்டனில் பொன்னாகுமாம். பொன்னை வேகவைத்துத் தின்னட்டும்.

எங்களைப் பிழைக்க வைத்தது ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இந்த மண்ணின் பெண் ஒருத்தி. பெயர் கேட்டேன், என் வாயில் நிற்கவில்லை. ஓடைக்காரி என்று வைத்துக்கொண்டேன். அவள் குடும்பத்தார் மரப்படகில் கூடை கூடையாகச் சோளம் கொண்டுவந்தார்கள். துரை கொஞ்சம் கண்ணாடி மணியும் ஒரு பழைய கோடரியும் கொடுத்துவிட்டு, பெரிய தானம் செய்தவன்போல் நின்றான்.

நான் கூடையை வாங்கியபோது அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பதுபோல் கையை வளைத்து, என்னைச் சுட்டிக் கேட்டாள். புரியாததுபோல் நின்றேன். அவள் விடவில்லை, மறுபடியும் கையை வளைத்தாள்.

கூடையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சோறு கொடுத்தவளிடம் கோபப்பட்டவள் நான்.

மார்கழி 11

பனி. வாளியில் தண்ணீர் கல்லாகிவிட்டது. கஸ்பாரின் குதிகால் வெடித்து ரத்தம். அந்தக் காலோடு துரையின் படகுக்குப் பலகை அறுக்கிறார். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். பொய்யன்.

தை 6

மார்த்தா துரைசானி என் மூட்டையைக் கிளறியிருக்கிறாள். அடியிலிருந்த சின்னப் பாவாடையை எடுத்து, "பட்டுக்கரை நல்லா இருக்கு. என் தொப்பிக்கு வச்சித் தைக்கலாம்" என்றாள்.

கையிலிருந்து பிடுங்கினேன். கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் பிடுங்கினேன். மறுபடியும் அறைந்தாள். பாவாடை என்னிடம்தான் இருக்கிறது.

கஸ்பார் என் கன்னத்தைப் பார்த்தார். "குடுத்திருக்கலாமே" என்றார். அன்று முழுவதும் அவருக்குக் கஞ்சி ஊற்றவில்லை. ஊர்க்கஞ்சியா இது, சோளமாவைக் கிண்டிய பசை. அதையும் ஊற்றவில்லை.

அது யாருடைய பாவாடை என்று எழுதப்போவதில்லை.

விரோதி வருடம், சித்திரை 1

வருடப் பிறப்பு. என் கணக்குச் சரியென்றால் விரோதி வருடம். பொருத்தமான பெயர்.

இன்று துரை சாப்பாட்டு மேசையில் கஸ்பாரைக் கூப்பிட்டான். கஸ்பாருக்கு வேலைச் சொற்கள் மட்டும்தான் தெரியும்: பலகை, ஆணி, கயிறு, கடல், கரை. ஆகவே நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். துரை ஆட்டுத்தொடையைக் கடித்தபடியே சொன்னான்:

"இந்த நாட்டுச் சட்டம் இது. யாரு செலவழிச்சு ஆளக் கூட்டிட்டு வராங்களோ, அவங்களுக்குத் தலைக்கு அம்பது ஏக்கர். நான் கூட்டி வந்த தலைக்கெல்லாம் நிலம் வாங்கப்போறேன். அடுத்த வாரம் நிலம் அளந்து எழுதுற அளவைக்காரர் வராரு. உங்க ரெண்டு பேருக்கும் நூறு. அந்தக் குட்டிக்கும் அம்பது இருக்கு."

நான் மொழிபெயர்க்கவில்லை.

"கடல்ல செத்த தலைக்கு நிலம் கிடையாது. கரைய மிதிச்சிருக்கணும். அதனால உன் புருஷன் வேதப்புத்தகத்துல கைவச்சு, புள்ள உயிரோட எறங்கிச்சு, அப்புறம்தான் செத்துதுன்னு சொல்லணும். ஒரு வார்த்த. சொன்னா உங்க வேலையில ரெண்டு வருஷம் கழிச்சுடறேன். சொல்லு அவன்கிட்ட."

சொன்னேன். என் வாயால் சொன்னேன். தட்டில் கொழுப்பு உறைந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

கஸ்பார் கடைசிவரை கேட்டார். பிறகு தலையாட்டினார்.

சரி, எழுதுகிறேன். கப்பலில் மூன்று பேர் ஏறினோம். ஆறு வயது. காய்ச்சல். கரை தெரிவதற்குக் கொஞ்சம் முன்னால். இரண்டு மாலுமிகள் பாய்த்துணியில் சுற்றித் தூக்கினார்கள். பாவாடையை மட்டும் நான் கழற்றி வைத்துக்கொண்டேன்.

சித்திரை 3

இரண்டு நாளாக அவரோடு பேசவில்லை. இன்று படகுத்துறைக்கே போய்ச் சண்டை போட்டேன். அவர் படகைக் கவிழ்த்துப் போட்டு, பலகை இடுக்குகளில் சணலும் தாரும் அடைத்துக்கொண்டிருந்தார்.

"செத்த புள்ளய வித்துத் திங்கலாமுன்னு பாக்குறீங்களா?"

"ரெண்டு வருஷம், மதலே."

"அவன் குடுப்பானா? இதுவரைக்கும் சொன்னதுல எத குடுத்தான்? கம்பளி குடுத்தானா? செருப்பு குடுத்தானா?"

"கத்தாத."

"கத்துவேன். இங்க யாருக்குப் புரியப்போவுது?"

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல், கவிழ்ந்த படகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வருஷத்துக்காக மட்டும் இல்ல புள்ள. அந்த ஆளு எழுதிடுவான்ல, எறங்கினான்னு. எழுத்துலயாவது அவ கரையேறட்டுமே."

திரும்பி நடந்தேன். அப்படிச் சொன்னதற்கும் அவர்மேல்தான் கோபம் வந்தது.

சித்திரை 8

நத்தை பொறுக்குவதாகச் சொல்லிவிட்டு ஓடையைத் தாண்டிப் போனேன். ஓடைக்காரியின் நிலம் அங்கேதான். சின்னச் சின்ன மண்மேடாகக் குவித்து, ஒவ்வொரு மேட்டிலும் சோளமும் அவரையும் பூசணியும் சேர்த்து ஊன்றுகிறார்கள். வெயில் நன்றாக விழுகிற, வேர் இல்லாத சுத்தமான மண். அவள் பாட்டன் காலத்தில் காடு வெட்டியதாக இருக்க வேண்டும்.

அந்த நிலத்தின் மூலையில் துரையின் ஆட்கள் முளை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நுனியில் சிவப்புத் துணி.

திரும்பி வந்து ஜோனைக் கேட்டேன். "தெரியாதா உனக்கு?" என்றாள். "துரைக்கு இன்னும் அம்பது ஏக்கர் சேந்தா அந்த எடத்தத்தான் அளக்கப்போறாரு. காடு வெட்டுற வேலை மிச்சம்ல. அவங்கள வெரட்டிடுவாங்க."

எந்த ஐம்பது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பஞ்சத்தில் எங்களுக்கு ஊரில் யாரும் ஒரு பிடி தரவில்லை. அந்தப் பெண் தந்தாள். என் மகள் பெயரைச் சொல்லி அவளை விரட்டப்போகிறார்கள்.

கஸ்பாரிடம் சொன்னேன். "நாம சொல்லலன்னாலும் வெரட்டத்தான் போறான்" என்றார். அது உண்மையாகக்கூட இருக்கலாம். அதனால் என்ன?

சித்திரை 12

அளவைக்காரர் வந்தார். மூக்குத் தோல் உரிந்த ஒல்லியான மனிதர். துரையின் வீட்டு வாசலில் மேசை போட்டார்கள். எல்லாரும் சுற்றி நின்றோம். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆளைப் பார்த்து எழுதினார். பிறகு, "ஒரு குழந்தை, பெண், கீழைநாட்டு இந்தியாள்" என்றார். பெயர் இல்லை. துரை பெயர் கேட்டதே இல்லை.

கஸ்பாரை முன்னால் கூப்பிட்டார்கள். கை வேதப்புத்தகத்தின்மேல். நான் பக்கத்தில்.

"குழந்தை உயிரோட கரையில இறங்கிச்சான்னு கேளு" என்றார் அளவைக்காரர். கேட்டேன்.

கஸ்பார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ நிறுத்தாமல் பேசினார்:

"எறங்கினா ஐயா. எங்கையப் புடிச்சிக்கிட்டுத்தான் எறங்கினா. மொதல்ல காலு தள்ளாடுச்சி. கப்பல்லயே கெடந்த காலுல்ல. அப்பறம் மணல்ல ஓடினா. 'அப்பா, இது நம்மூரு மண்ணு மாதிரி இல்ல, கறுப்பா இருக்கு'ன்னா. ஒரு நண்டத் தொரத்திக்கிட்டுப் போனா. அது வளைக்குள்ள போயிருச்சி. குச்சியால நோண்டிக்கிட்டே ஒக்காந்திருந்தா. அவங்கம்மா கூப்புட்டா, வரமாட்டேன்னுட்டா. பாவாட முழுக்க ஈரம்."

சொல்லும்போது அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். நண்டு ஓடுகிற திசையில் கையைக்கூட நீட்டிக் காட்டினார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "என் மகள் கப்பலில் காய்ச்சலில் செத்தாள். கரை கண்ணில் படுவதற்கு முன்பே செத்தாள். துணியில் சுற்றிக் கடலில் போட்டார்கள். இந்த மண்ணில் அவள் கால் படவே இல்லை. அப்படித்தான் என் கணவர் சொல்கிறார்."

துரையின் முகம் செம்பானது. "பொய்! கை காட்டிச் சிரிச்சுப் பேசினானே! அவ்வளவு நேரம் பேசினான், இவ நாலு வார்த்தையில முடிக்கிறா!"

"எங்க பாஷை நீளம், துரையே. அழுகைக்குப் பதிலா சிரிக்கிறவங்களும் எங்க ஊர்ல உண்டு" என்றேன்.

அளவைக்காரர் கையை உயர்த்தித் துரையை அடக்கினார். எழுந்து கஸ்பாரின் முன்னால் வந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்: "ஸீ? லேண்ட்?" ஒரு கையால் ஆற்றுக்கு அப்பால் காட்டினார், மறு கையால் தரையை.

அந்த இரண்டு சொல்லும் கஸ்பாருக்குத் தெரியும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. என்னோடு குடும்பம் நடத்திய இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. 'லேண்ட்' என்று அவர் சொன்னால் எனக்குக் கசையடி. நான் கண்ணால்கூடச் சாடை காட்டவில்லை. காட்டியிருந்தால் என்னையே மன்னித்திருக்க மாட்டேன்.

"ஸீ" என்றார்.

அளவைக்காரர் அந்த வரியை அடித்தார்.

சித்திரை 13

என்னைச் சமையல்கட்டிலிருந்து வயலுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு வருடம் போனது. கஸ்பார் ஒரே ஒரு வாக்கியம் பேசினார்:

"நீ அவள ரெண்டாவது தடவ கடல்ல போட்டுட்ட."

வைகாசி 6

வந்த படகில் செய்தி. இவர்கள் நாட்டு அரசனின் தலையை இவர்களே வெட்டிவிட்டார்களாம். துரை வாசற்படியில் உட்கார்ந்து அழுதான். அந்தத் தலைக்கு எத்தனை ஏக்கர் என்று ஜோனிடம் கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

வைகாசி 25

புகையிலை நாற்று நடவு. முதுகு நிமிரவில்லை. கஸ்பார் இன்னும் பேசவில்லை. ஆனால் காலையில் என் மண்வெட்டியைப் பார்த்தால் புதுக்காம்பு போட்டிருந்தது, கை உறுத்தாமல் இழைத்து. நன்றி சொல்லவில்லை. காம்பு போட்டால் சரியாகிவிடுமா?

ஆனி 17

புகையிலை இலையில் விரல் தடிமன் புழு. கையால் பிடுங்கி நசுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் துரையின் பெயர் வைத்தேன். நாள் போனதே தெரியவில்லை.

சாயங்காலம் துரை படகுத்துறைக்கு வந்தான். நான் தண்ணீர் மொள்ளப் போயிருந்தேன், என்னையே மொழிபெயர்க்கச் சொன்னான்.

"அந்தப் பெரிய தட்டைப்படகு எப்ப முடியும்?"

"நாலு பலக பாக்கி" என்றார் கஸ்பார்.

"சீக்கிரம் முடி. துப்பாக்கிக்காரங்க ஓடையத் தாண்டணும். சட்டம் குடுக்கலன்னா என்ன, நானே எடுத்துக்கறேன். சோளம் முத்துறதுக்கு முன்னால கொளுத்திட்டா அவங்களே போயிடுவாங்க."

இந்த முறை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். கஸ்பார் கேட்டுக்கொண்டார். கையிலிருந்த வாய்ச்சியால் பலகையில் இன்னும் இரண்டு செதுக்கு செதுக்கினார். பிறகு வாய்ச்சியைத் துடைத்தார். துரையின் காலடியில் வைத்தார்.

"நோ போட்" என்றார். அவருடைய ஆங்கிலம்.

துரைக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தவர்போல், இன்னொரு முறை, இன்னும் உரக்க: "நோ போட்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் தமிழில் சொன்னார்: "அவ பேர்ல வேணாமுன்ன. எங்கையாலயும் வேணாம்."

இரண்டு மாதத்திற்குப் பிறகு என்னோடு பேசுகிறார். அதற்கு இந்த நேரம்தானா கிடைத்தது!

ஆனி 18

எல்லாரையும் கூட்டி நிற்கவைத்து, கஸ்பாரைக் கட்டி அடித்தார்கள். நான் எண்ணவில்லை. ஜோன் என் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். நான் நிமிர்த்திக்கொண்டேன். பார்த்தேன். ஒவ்வொரு அடியையும் பார்த்தேன். கஸ்பார் கத்துவார் என்று துரை காத்திருந்தான். அவர் நாகப்பட்டினத்துத் துறைமுகத்தில் பாரம் தூக்குகிறவர்கள் திட்டுகிற திட்டையெல்லாம் தமிழில் திட்டினார். அவருக்கு அவ்வளவு தெரியும் என்று எனக்கே இன்றுதான் தெரியும்.

ஆனி 19

நேற்று எல்லாரும் தூங்கப் போனபின் ஜோன் ஓடையைத் தாண்டிப் போய்விட்டு வந்திருக்கிறாள். துரை கொளுத்தப்போவதை அவளிடம் சொன்னது நான்தான், ஆனால் போகச் சொல்லவில்லை. "நெருப்பு மாதிரி கையக் காட்டினேன், துப்பாக்கி மாதிரி காட்டினேன். அந்தப் பொம்பளைக்கு ஒடனே புரிஞ்சிடுச்சு" என்றாள். "நானும் ஒரு தல தானேடி. அம்பது ஏக்கர் வெல இருக்குல்ல எனக்கு? அதுக்கு ஏத்தமாதிரி ஏதாவது செய்ய வேணாமா?"

ஆடி 10

துரை ஆற்றுக்குக் கீழேயிருந்து வேறொரு தச்சனைக் கொண்டுவந்து படகை முடித்தான். இன்று ஆட்கள் துப்பாக்கியோடு தாண்டினார்கள். உச்சிவேளையில் திரும்பினார்கள். குடிசைகளில் யாருமில்லை. ஓடைக்காரியும் அவள் ஆட்களும் பால்சோளத்தைக்கூட ஒன்று விடாமல் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். துப்பாக்கிக்காரர்கள் வெறும் தட்டையைக் கொளுத்தினார்கள். புகை இந்தப் பக்கம் வந்தது.

நிலம் துரைக்குக் கிடைத்துவிட்டது. இதை நான் வெற்றி என்று எழுத மாட்டேன். பாட்டன் வெட்டிய நிலத்தை விட்டு அவள் எங்கோ நடந்துகொண்டிருக்கிறாள். வரும் குளிர்காலத்தில் எங்களுக்குச் சோளம் தர யாரும் இல்லை. அப்போது துரை புகையிலையைத் தின்பதைப் பார்க்க நான் உயிரோடிருக்க வேண்டும்.

ஆடி 13

கஸ்பாரின் முதுகில் இரண்டு காயம் சீழ் பிடித்திருக்கிறது. ஞாயிறு, வேலை இல்லை. உப்புத் தண்ணீரில் கழுவி, பன்றிக்கொழுப்பு தடவினேன். தடவிக்கொண்டே திட்டினேன். ஏறச் சொன்னது யார், நம்பச் சொன்னது யார், வாய்ச்சியைப் போடுகிறவர் ஒரு மாதம் முன்னால் போட்டிருந்தால் என்ன, அடிபட்டுச் செத்திருந்தால் நான் இங்கே யாரோடு பேசுவேன்.

அவர் குப்புறப் படுத்திருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று குனிந்து பார்த்தேன். சிரிக்கிறார்.

"திட்டு. நல்லாத் திட்டு" என்றார். பிறகு கொஞ்சம் கழித்து, "ஞானப்பூவுக்கு இப்ப ஏழு முடிஞ்சிருக்கும், இல்ல?"

கடலுக்குப் பிறகு இன்றுதான் எங்கள் இருவரில் ஒருவர் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னார். தாளில்கூட நான் எழுதியதில்லை. ஞானப்பூ. ஞானப்பூ.

"முடிஞ்சிருக்கும்" என்றேன்.

வெயில் இறங்கும்வரை திட்டினேன். துரையைத் திட்டினேன், துரைசானியை, அந்தக் கப்பல் தலைவனை, பாய்த்துணியில் சுற்றிய இரண்டு மாலுமிகளை, தண்ணீரை. திட்டுவதற்கு ஆளில்லாமல் போனபோது அவளையும் திட்டினேன். ஏண்டி, கரை தெரிகிறவரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா, உனக்கு அப்படி என்னடி அவசரம் என்று. கஸ்பார் படுத்தபடியே கையை நீட்டி என் காலைப் பிடித்துக்கொண்டார். நான் நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தச் சொல்லவில்லை.